தோட்டா வாங்கும் முன் இதைப் படி, கண்ணு

கண்ணு,

போனில் பாதி பேசும்போதே உன் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, அதனால் மீதியை எழுதி அனுப்புகிறேன். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிற விஷயம் இல்லை இது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று நாம் மூன்று பேரும் பேசி முடித்தாயிற்று, நீ வகுப்புக்குப் போய் லைசென்ஸும் எடுத்துவிட்டாய், அந்த முடிவு உன்னுடையது. உன் 9 எம்எம் (குண்டின் விட்டம்) கைத்துப்பாக்கிக்குள் என்ன தோட்டா போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப் போகிறாய் என்பதில்தான் இப்போது எனக்குக் கவலை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். நீ சுடுகிற குண்டு எங்கே போய் நிற்கிறதோ அதுவரை அது உன் பொறுப்பு. டெக்சாஸ் சட்டம் உன் பக்கம் இருந்தாலும் சரி, எதிரில் இருப்பவன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் சரி, தவறிப்போன குண்டுக்கும் துளைத்து வெளியே போன குண்டுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், நாம் சுடுகிற ஐம்பது ரவுண்டு (தோட்டா) மலிவுப் பெட்டி ஃபுல் மெட்டல் ஜாக்கெட். மூக்கு உருண்டையாக, செம்பு உறை மூடி இருக்கும். காகிதத்தில் ஓட்டை போட அது போதும். ஆனால் உடம்புக்குள் அது உருவம் மாறாமல் நேராகத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும், அங்கே யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு. நியூயார்க் போலீஸ்காரர்கள் 1990களில் 9 எம்எம்முக்கு மாறியபோது இந்த வகையைத்தான் வைத்திருந்தார்கள். குறி வைத்த ஆளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றவர்கள் மேலும் பட்டதால் 1998ல் ஹாலோ பாயின்ட்டுக்கு மாற முடிவு செய்தார்கள். ஹாலோ பாயின்ட்டின் மூக்கில் குழி இருக்கும். ஈரமான சதைக்குள் நுழைந்ததும் குழிக்குள் ஏறும் அழுத்தத்தில் உறை மடல் மடலாக வெளியே விரிந்து, குண்டு அரை அங்குலத்துக்கும் மேல் அகலமாகி, வேகம் குறைந்து பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும்.

அம்மாவுக்கு இதைக் கேட்கவே பிடிக்கவில்லை, கொடூரமான குண்டு என்றாள். அப்படிச் சொல்பவர்கள் நிறைய பேர், காரணமும் இருக்கிறது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் 1890களில் பிரிட்டிஷ்காரர்கள் விரியும் குண்டு செய்தார்கள், 1899ல் ஹேக் மாநாட்டில் போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. ஆனால் நீ நடக்கிற இடம் போர்க்களம் இல்லையே. ராத்திரி பதினோரு மணிக்கு ஹெச்.இ.பி. கடை பார்க்கிங்கில் உன்னைத் தாக்க வருபவனுக்குப் பின்னால் ஒரு அம்மா குழந்தையைக் கார் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த அம்மாவை நினைத்துத்தான் உன்னை ஹாலோ பாயின்ட் வாங்கச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் அதிகம் விரிவதை வாங்கினால் போதுமா? போதாது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ.காரர்களுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி நீ வகுப்பில் கேட்டிருப்பாய். ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்எம் குண்டு கொள்ளையன் ஒருவனின் மேல்கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான், ஏஜென்ட் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்தக் குண்டு நன்றாகத்தான் விரிந்தது, ஆழம் போகவில்லை. அதிலிருந்துதான் எஃப்.பி.ஐ. ஜெலட்டின் சோதனையை வகுத்தது. சதையின் தன்மைக்கு ஒத்த ஜெலட்டின் கட்டிக்குள், துணி, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, தகரம், கார் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாண்டிய பிறகும், குண்டு குறைந்தது 12 அங்குலமாவது போக வேண்டும், 18க்கு மேல் போகக் கூடாது. உடம்பு 12 அங்குலத் தடிமன் இல்லையே என்று நீ கேட்பாய். முன்னால் நீட்டிய கை குறுக்கே வரும், ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்பான், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இந்த அளவுக்குள் நிற்கிறதா என்று பார், பெட்டி மேல் எழுதியிருக்கும் மற்ற வீர வசனத்தை விட்டுவிடு.

கடைக்காரர் .40 அளவுத் தோட்டா பற்றிப் பேசினாராம், 9 எம்எம்மைவிடப் பெரியதாக வாங்கு என்றாராம். எஃப்.பி.ஐ.யே மயாமிக்குப் பிறகு 10 எம்எம், அப்புறம் .40 என்று சுற்றிவிட்டு 2010களின் நடுவில் மறுபடி 9 எம்எம்முக்கு வந்துவிட்டது. குண்டின் தயாரிப்பு மேம்பட்டுவிட்டது, காயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, உதைப்பு குறைந்ததால் ஏஜென்ட்டுகள் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். உனக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

பெயர் சொல்லு என்று கேட்டாய். ஃபெடரல் ஹெச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட், இரண்டில் ஒன்று, 124 கிரெய்ன் (குண்டின் எடை), சாதாரண அழுத்தம். இரண்டுமே போலீஸ்காரர்கள் வருஷக்கணக்கில் தூக்கிக்கொண்டு நடப்பவை. பிளஸ் பி என்று போட்ட பெட்டியைத் தொடாதே. சாதாரண 9 எம்எம்முக்கு அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ., பிளஸ் பிக்கு 38,500. உன் பி365 மாதிரிச் சின்னத் துப்பாக்கியில் அந்த மிச்ச அழுத்தம் உன் மணிக்கட்டுக்குத்தான் வரும், இரண்டாவது குண்டு தாமதமாகும், குறி நழுவும். உன் குழல் 3.1 அங்குலம், பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 4 அங்குலக் குழலில் அளந்தது. அதனால் சின்னக் குழலிலும் சோதித்துப் பார்த்த குண்டா என்று தேடிவிட்டு வாங்கு. இன்னொரு வகை ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ், மூக்குக் குழியில் சிவப்பாக ஒரு மென்மையான முனை வைத்திருக்கும், கனமான துணி போய்க் குழியை அடைத்துக்கொள்ளாமல் இருக்க. குளிர்காலத்து ஜாக்கெட் துணி குழியை அடைத்தால் ஹாலோ பாயின்ட்டும் சாதாரணக் குண்டு மாதிரியே விரியாமல் போய்விடும், அதற்கான ஏற்பாடு அது. அதுவும் நல்லதுதான், ஆனால் எனக்கு முதல் இரண்டும்தான் பிடிக்கும்.

வாங்கியதும் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) போட்டு இடுப்பில் சொருகிவிடாதே. முதலில் உன் துப்பாக்கி அதைச் சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹாலோ பாயின்ட்டின் அகன்ற மூக்கு சில துப்பாக்கிகளில் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறைக்குள்) ஏறும் இடத்தில் முட்டி நின்றுவிடும். சிலர் 200 ரவுண்டு சுட்டுப் பார் என்பார்கள். அது பெரிய செலவு. குறைந்தது ஐம்பது ரவுண்டாவது சுடு. உன் இரண்டு மேகசினிலும், வலது கை மட்டும், இடது கை மட்டும், பிடி தளர்ந்த மாதிரியும் சுட்டுப் பார். ஒரு தடவை மாட்டினாலும் மேகசினைத் துடைத்து மறுபடி பார், திரும்பவும் மாட்டினால் வேறு பிராண்டுக்கு மாறு. பயிற்சிக்கு அதே 124 கிரெய்னில் மலிவுப் பெட்டியை வாங்கிக்கொள், உதைப்பும் குண்டு படும் இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. தினமும் வேலைக்குள் நுழையும் முன் துப்பாக்கியை இறக்கிப் பெட்டியில் பூட்டுகிறாய், வெளியே வந்து திரும்ப ஏற்றுகிறாய். அதே தோட்டா திரும்பத் திரும்ப சேம்பருக்குள் அடிபட்டு ஏறினால் முனையில் இருக்கும் குண்டு, மருந்து இருக்கும் குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், உள்ளே இடம் குறைந்து அழுத்தம் தாறுமாறாக ஏறும். புதுத் தோட்டா ஒன்றையும் அதையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடக் கூடாது, தனியாக எடுத்துவைத்து ரேஞ்சுக்காரரிடம் கொடுத்துவிடு. உயரம் சரியாக இருந்தாலும் மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவை அடிக்கடி மாற்று, பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்.

உன் அபார்ட்மென்ட் சுவரை நம்பாதே. கோயம்புத்தூர் வீட்டுச் செங்கல் சுவர் இல்லை அது, அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவில் காற்று. 12 அங்குலம் போகிற எந்தக் குண்டும் அதைத் தாண்டும். ஹாலோ பாயின்ட்டின் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் விரியாமல் இன்னும் தூரம் போகும். உன் படுக்கையறைக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்.

கையால் செய்த தோட்டாவும் வேண்டாம், பயமுறுத்தும் பெயர் போட்டதும் வேண்டாம். 2004ல் அரிசோனாவில் மலைப்பாதையில் ஒருவரைச் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் வழக்கில் அவர் வைத்திருந்த 10 எம்எம் துப்பாக்கியையும் ஹாலோ பாயின்ட்டையும் அரசுத் தரப்பு ஜூரியின் முன் பெரிதாகப் பேசியது. தண்டனை 2009ல் ரத்தானது, அதற்குள் அவர் சிறையில் சில வருஷம் கழித்துவிட்டார். போலீஸ் வைத்திருக்கும் வகை, வெளியே போய் வேறு யார் மேலும் படக் கூடாதென்று தேர்ந்தெடுத்தேன் என்று உன்னால் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்.

உன் ரூம்மேட் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறாள் என்றாய். அவளை ஆசைக்குக்கூட ரேஞ்சுக்குக் கூட்டிப்போகாதே, தோட்டாப் பெட்டியை எடுத்துவரச் சொல்லாதே. வேட்டை உரிமம் மாதிரிச் சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். நீ சிட்டிசன், அந்தத் தடை உனக்கு இல்லை, அவள் பிழைப்புதான் போய்விடும். எல்லாவற்றையும் பூட்டி வை, சாவி உன்னிடமே இருக்கட்டும்.

அடுத்த மாதம் எடிசனில் அத்தை வீட்டு வளைகாப்புக்குத் துப்பாக்கி வரக் கூடாது. நியூ ஜெர்சி வேறு எந்த மாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை, ஹாலோ பாயின்ட்டுக்குத் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போ.

அப்புறம் டிசம்பரில் ஊருக்குப் போகிறாய். ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் அந்தக் கறுப்பு முதுகுப்பையை ஊருக்கு எடுத்துப்போகவே போகாதே. பையின் அடித் தையலில், லேப்டாப் உறைக்குள் ஒற்றைத் தோட்டா சிக்கிக்கொண்டிருந்து, இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டம் 1959ன் கீழ் வழக்கில் மாட்டியவர்கள் நிறைய பேர். தெரியாமல் கிடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குள் லீவும் போகும், நிம்மதியும் போகும். புதுப் பை ஒன்று வாங்கி நானே அனுப்புகிறேன், வந்ததும் சொல்லு.

அப்பா