கொடுத்த காசு போய்ச் சேருகிறதா என்று கேட்டாயே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் சேர்த்துப் பணம் போட்டிருக்கிறேன், தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடு. போனில் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள், அதனால் நீ கேட்ட கேள்விக்கு எழுதியே பதில் சொல்கிறேன். வெள்ளைக்கார நாடுகள் கோடி கோடியாக ஆப்பிரிக்காவில் கொட்டுகின்றனவே, அது ஏழை கைக்குப் போகிறதா, நடுவில் இருக்கிறவன் தின்றுவிடுகிறானா என்று கேட்டாய். நான் சம்பளம் வாங்குவதே அதைக் கணக்குப் பார்க்கிற வேலைக்குத்தான். சத்துணவுக் கூடத்து வேலை முடிந்ததும் நிதானமாகப் படி, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கிற கிசுமு, கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் பொதுவான ஏரி. 1901இல் இங்கே ரயில் வந்தது, அந்தத் தண்டவாளம் போட வந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக் கூலிகள். அதனால் குஜராத்திக் கடைகளில் துவரம்பருப்பும் கடுகும் கிடைக்கின்றன, சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் படகு நகராது. ராத்திரி விளக்கு கட்டிக்கொண்டு போய் ஒமேனா என்று ஒரு பொடி மீன் பிடிக்கிறார்கள், நம் நெத்திலி அளவுதான் இருக்கும், காலையில் கரையில் பரப்பிக் காய வைக்கிறார்கள். அந்த வாசனை வந்தால் போதும், எனக்கு அக்கரைப்பேட்டை ஞாபகம்தான்.

அந்த மீனை எதன் மேல் காய வைக்கிறார்கள் தெரியுமா? கிட்டே போய்ப் பார்த்தேன், கொசுவலை. வெளிநாட்டுக் காசில் வாங்கி இலவசமாகக் கொடுத்த வலை. "பார், சும்மா கொடுத்தால் இப்படித்தான்" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் போட்டோ எடுத்துக் காட்டுவார்கள். நான் அங்கே இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். மணல் ஒட்டாது, காற்றுப் போகும், சீக்கிரம் காயும், இது ஓட்டை விழுந்த பழைய வலை, புதுசு வீட்டில் இருக்கிறது, வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போனார். கட்டிலுக்கு மேலே புதுவலை தொங்குகிறது, நாலு மூலையும் ஆணியில் கட்டி. எங்கள் வேலையில் "வலை இருக்கிறதா" என்று கேட்டுக் குறித்தால் மட்டும் போதாது, உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தேன் என்று தனியாகக் குறிக்க வேண்டும். ஏரிக்கரை ஊர்களில் வலையில் மீன் காய்வது உண்மைதான், புது வலையிலும் காய்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் வலையின் கீழ் படுக்கிற வீடுகள்தான் மிக அதிகம்.

இலவசமாகக் கொடுக்கலாமா, கொஞ்சமாவது காசு வாங்கலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பார்கள் என்பது ஒரு கட்சி. இதே மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் கிளினிக்குகளில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் 40 ஷில்லிங் வரைக்கும் விலை, அப்போதைக்கு அமெரிக்கக் காசில் 60 சென்ட்தான். அந்த விலைக்கே நூற்றுக்கு 60 பேர் குறைந்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கூடுதலாக உபயோகித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கும் மேலான மலேரியாக் காய்ச்சல்கள் வராமல் தடுக்கப்பட்டன, அதில் மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் காசு வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது அக்கா.

அப்புறம் உன் பள்ளிக்கூட விஷயம். பிப்ரவரி 10ஆம் தேதி உங்கள் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிறீர்களே, அதைப் பற்றி உலகமே பேசியது இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் புசியாவில்தான். 1998இல் 75 பள்ளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் கொடுக்க முடியாததால் ஒவ்வொரு கூட்டமாக ஆரம்பித்தார்கள். மாத்திரை வாங்கிய பள்ளிகளில் பிள்ளைகள் மட்டம் போடுவது கால் பங்கு குறைந்தது. பரீட்சை மார்க் ஏறவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். மைக்கேல் கிரேமர் என்பவர் அதில் முக்கியமானவர், 2019இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். இந்தக் கணக்கு சரியா என்று பின்னால் வேறு ஆட்கள் திரும்பப் போட்டுப் பார்த்துக் கடுமையாகச் சண்டை போட்டார்கள், அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அந்தப் பிள்ளைகளையே இருபது வருஷம் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, கூடுதல் வருஷங்கள் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரு மணி நேர வேலைக்குச் சம்பாதிப்பது நூற்றுக்குப் பதின்மூன்று கூடியிருந்தது. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு அரை டாலர்கூட ஆகாத மாத்திரை இது. நீ அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாயே, அது சின்ன வேலை இல்லை.

இப்போது என் வேலை. உதவி வாங்கிய ஊருக்கும் வாங்காத ஊருக்கும் போய், இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை ஆடு இருக்கிறது, கூரை புல்லா தகரமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள். பையன்களும் பெண்களும் டேப்லெட் எடுத்துக்கொண்டு பொடா என்கிற வாடகை பைக்கில் போவார்கள். சில வீடுகளுக்கு மறுநாள் நான் தனியாகப் போய் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன், பேக் செக் என்போம். வாங்காத ஊர் எதற்கு என்றால், மழை நன்றாகப் பெய்தால் உதவி இல்லாமலே வயிறு நிறையும், அந்தப் பெருமையையும் உதவிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பக்கத்து மாவட்டமான சியாயா பக்கத்தில் ஒரு நாள், உதவி கிடைக்காத ஊரில், மூன்று பிள்ளைகளோடு ஒரு பெண். ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மக்காச்சோளம் எவ்வளவு மிச்சம் என்றபோது உள்ளே போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தே காட்டினார், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. கடைசியில் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் பணம் கொடுத்தீர்கள், இந்தப் பக்கம் கேள்வி மட்டும் கொண்டு வருகிறீர்கள், எங்கள் பசி உங்களுக்கு என்ன உபயோகம்?" என்று கேட்டார். எல்லாருக்கும் கொடுக்கக் காசு இல்லை, அதனால் குலுக்கல் போட்டார்கள், அது நேர்மையான வழி என்று நான் விளக்கினேன், அவரும் தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. கணக்கு முடிந்து, உதவி பலன் தருகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த காசு முதலில் இந்த ஊருக்குத்தான் வர வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று நான் ஆபீஸில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில திட்டங்களில் அப்படிச் செய்கிறார்கள், எல்லாவற்றிலும் இல்லை.

இதே சியாயாவில்தான் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு, 2014 முதல், புல் கூரை வீடுகளுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் நேராக எம்-பெசாவில் போட்டது, அதாவது செல்போனிலேயே வரும் பணம். 653 ஊர்களைக் கணக்கில் எடுத்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேல் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். குடித்து அழிப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆய்விலேயே சாராயச் செலவு கூடவில்லை என்று தெரிந்தது. தகரக் கூரை போட்டார்கள், மாடு வாங்கினார்கள், பெட்டிக்கடை வைத்தார்கள். பக்கத்தில் பணம் வாங்காத வீடுகளுக்கும் வியாபாரமும் கூலியும் வந்தது, ஒரு டாலர் போட்டால் அந்த வட்டாரத்தில் இரண்டரை டாலர் அளவுக்குப் புழங்கியது, விலைவாசியும் அவ்வளவாக ஏறவில்லை. பணம் வாங்கிய வீடுகளில் பச்சிளம் குழந்தைகள் சாவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2025இல் எழுதியிருக்கிறார்கள். ஏழைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்பதை நிரூபிக்க இவ்வளவு பெரிய ஆய்வு தேவைப்பட்டது.

தெரியாதவர்கள் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே துர்கானா ஏரி. ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கிற ஜனம் அது. பஞ்சத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நார்வே நாடு அவர்களை மீன் பிடிக்கச் சொல்லி, 1981இல் கலோகோல் என்ற ஊரில் மீனை உறைய வைக்கிற தொழிற்சாலை கட்டியது. 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவு. பாலைவன வெயிலில் உறைபெட்டிக்கு மின்சாரம், சுத்தமான தண்ணீர் எல்லாம் எங்கிருந்து வரும்? மீன் விற்ற காசைவிட அந்தச் செலவு அதிகம். சில நாளிலேயே மூடிவிட்டார்கள். பின்னால் வறட்சியில் ஏரியின் அந்தப் பகுதியே வற்றிப்போனது. ஐஸ் பெட்டிக்கு என்ன ஆகும் என்று நம் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்காரரைக் கேட்டிருந்தாலே ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

சியாயாவிலேயே சவுரி என்ற ஊரில் ஜெஃப்ரி சாக்ஸ் என்ற பெரிய பொருளாதார நிபுணரின் திட்டம் நடந்தது, உரம், வலை, கிளினிக், பள்ளிச் சாப்பாடு எல்லாம் ஒன்றாக. நல்லது நிறைய நடந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒப்பிட வேறு ஊரை எடுத்து வைக்கவில்லை. அதே வருஷங்களில் சுற்று வட்டாரம் முழுக்க செல்போனும் கூடியது, பிள்ளைகளும் பிழைத்தார்கள். எது திட்டத்தால், எது காலத்தால் என்று பிரிக்க முடியாமலே போனது.

நமக்கு இது புதுசா? 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் பழைய துணி மூட்டைகள் மலையாகக் கிடந்ததே. அப்புறம் படகு. படகு கொடுத்தால் பேர் எழுதலாம், போட்டோ எடுக்கலாம், அதனால் எல்லாரும் பைபர் படகே கொடுத்தார்கள். நேற்று வரைக்கும் கூலிக்குப் போனவரெல்லாம் படகுக்காரர் ஆனார், படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. தலைச்சுமையாக மீன் விற்ற பெரியம்மாவிடம், உன் கூடையும் முதலும் போனதே, எவ்வளவு வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சில ஆயிரம் கையில் கொடுத்திருந்தால் வட்டிக்காரனிடம் போயிருக்க மாட்டார்.

இப்போது வேறு கவலை வந்துவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1ஆம் தேதியோடு அந்த உதவியைக் கொடுத்து வந்த யுஎஸ்எய்ட் என்ற அமைப்பே முடிந்தது. கென்யாவிலேயே எச்.ஐ.வி. அதிகம் இருக்கிற இடங்கள் கிசுமு, சியாயா, ஹோமா பே. 2003இல் ஆரம்பித்த அமெரிக்கத் திட்டத்தில்தான் இங்கே மாத்திரை கிடைத்தது, உலகம் முழுக்க இரண்டரைக் கோடி உயிரைக் காப்பாற்றியது என்று சொல்கிற திட்டம். தினமும் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை, விட்டால் கிருமி திரும்பி வளரும். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் தங்கை கிளினிக்கில் ஆலோசகராக இருந்தாள், ஒரே நாளில் வேலை போனது. அவள் அழுதது சம்பளத்துக்காக மட்டும் இல்லை, தன் லிஸ்டில் இருந்த கர்ப்பிணிகளை இனி யார் போன் பண்ணிக் கூப்பிடுவார்கள் என்றுதான்.

2001இல் நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்க அரசுகள் சொன்னன, கென்யா இன்னும் அதைத் தொடவில்லை. வெளியிலிருந்து வருகிறதே என்று இவர்கள் இருந்துவிட்டார்கள், கொடுத்தவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் கையை எடுத்துவிட்டார்கள், நடுவில் மாட்டியவள் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவள். உதவியை நிறுத்துவதாக இருந்தால் இத்தனை வருஷத்தில் இத்தனை பங்கு என்று சொல்லி, அதை இந்த அரசு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

மாமாவிடம் ஒரு வேலை சொல்லு. சுனாமிக்கு அப்புறம் நம் தெருவுக்கு மொத்தம் எத்தனை பைபர் படகு வந்தது, இன்றைக்கு எத்தனை கடலுக்குப் போகிறது, மற்றது என்ன ஆனது என்று பஞ்சாயத்தாரிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லு. பெரியம்மாவிடமும் அப்போது எவ்வளவு கடன், எந்த வட்டி என்று கேள். இங்கே கூட்டத்தில் காட்ட எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி