மூஸ் ஜாவில் நம் சங்கம்: 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து மூஸ் ஜா நகரில் உள்ள நம் தமிழ்ச் சங்கத்தில் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர்தான். அதனால் இந்த முறை அறிக்கையை வாட்சாப் குழுவிலும் முழுதாகப் போடுகிறேன். நேரில் வர முடியாதவர்கள் அங்கேயாவது படித்துவிடுங்கள்.

பொங்கல் விழா கடுங்குளிரால் ஒரு வாரம் தள்ளி நடந்தது. பானையை மண்டபத்து அடுக்களையில்தான் வைத்தோம். சித்திரைப் புத்தாண்டுக்கு உறுப்பினர் ஒருவர் வீட்டில் விருந்து. வக்கமோ பள்ளத்தாக்கில் நடந்த கோடை ஒன்றுகூடல் மழையால் பாதியில் முடிந்தது. தீபாவளிக்கு நாம் பதிவு செய்திருந்த மண்டபத்தைக் கடைசி வாரத்தில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் பிடித்தோம். கூட்டம் நன்றாகவே வந்தது. மே மாதம் நம் ஊர் ஹாக்கி அணியான வாரியர்ஸ், 1984இல் வின்னிபெக்கிலிருந்து இங்கே வந்த பிறகு முதன்முறையாகத் தன் லீக்கின் கோப்பையை வென்றது. அந்த இரவு பிள்ளைகள் மெயின் தெருவில் கத்திய கத்தலைச் சங்க நிகழ்ச்சியாகக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் இந்த ஆண்டு நம் பிள்ளைகள் ‘எங்க ஊர்’ என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அதனால் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்து, ஊர் நடை, அதாவது இந்த ஊரின் வரலாற்று இடங்களுக்குப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவரும் நிகழ்ச்சி. செயற்குழுவில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. வேன் வாடகைக்கும் நகல் எடுக்கவும் சங்கப் பணத்தைச் செலவு செய்தது சரியா, அந்தப் பணத்தில் ரெஜைனாவிலிருந்து ஒரு பாட்டுக் குழுவைக் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேதான். ஆனால் சனிக்கிழமை வந்தால் காரை எடுத்துக்கொண்டு 70 கிலோமீட்டர் கிழக்கே ரெஜைனாவுக்குப் போய்விடுகிறோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் மேக் என்ற கடமான் சிலையைக் காட்டுகிறோம், படம் எடுக்கிறோம், அத்தோடு சரி. இங்கே பிறந்த ஒரு பிள்ளை என்னிடம், “அங்கிள், மூஸ் ஜான்னா கடமான் தாடையா? ஏன் அப்படிப் பேர் வெச்சாங்க?” என்று கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. நூலகத்துக்குப் போனேன். ஆற்றின் வளைவு கடமானின் தாடைபோல இருப்பதால் வந்த பெயர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இதமான காற்று என்று பொருள்படும் கிரீ மொழிச் சொல் இப்படித் திரிந்தது என்பது இன்னொரு சாராரின் கருத்து. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஊர் நடைக்கு வித்து விழுந்தது அங்கேதான்.

முதல் நடையை மேக்கின் காலடியிலேயே தொடங்கினோம். பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம். 1984இல் டான் ஃபோல்ட்ஸ் என்ற சிற்பி செய்த சிலை அது. உலகத்திலேயே உயரமான கடமான் சிலை என்ற பெயர் அதற்கு 2015 வரை இருந்தது. அந்த ஆண்டு நார்வேயில் இதைவிட 30 சென்டிமீட்டர் உயரமாக, பளபளவென்று ஒன்றை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. 2019இல் மேக்குக்குப் பெரிய கொம்புகளைப் பொருத்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கியது. அன்று ஏழு பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு தரம் சிலையின் காலைக் கட்டிப்பிடித்து நின்றார்கள், ஒருவர் கையும் சுற்றி எட்டவில்லை.

இரண்டாவது நடை ரயில் நிலையத்திலிருந்து ரிவர் தெருவுக்கு. இந்த ஊர் ரயிலால் உண்டானது. 1881இல் கனடியன் பசிபிக் ரயில்வே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது, மறு ஆண்டே குடியேற்றம் தொடங்கியது, 1903இல் நகரமானது. கோபுரம் வைத்த அந்த ரயில் நிலையத்தை 1922இல் கட்டி முடித்தார்கள். 1990இலிருந்து பயணிகள் ரயில் இந்தப் பக்கம் வருவதில்லை. பின்னாளில் நிலையத்துக்குள் மதுக்கடை நடந்தது. கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்களே, அது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த நடையில் பலரும் ஊருக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதைக்குத்தான் போகலாம் என்றார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கவே இந்த ஊருக்கு வருகிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவரான அல் கபோன் இங்கே வந்து ஒளிந்திருந்தார் என்று சொல்லும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. சான்றோடு நம் கையில் இருப்பது வேறு ஒரு வரலாறு. க்வாங் விங் என்ற சீனர் இந்த ஊரில் உணவகம் வைத்திருந்தார், கனடாக் குடியுரிமையும் பெற்றவர். சீனர் நடத்தும் கடைகளில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று 1912இல் சஸ்காட்சுவான் ஒரு சட்டம் போட்டது. தம் உணவகத்தில் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்ததற்காக அவருக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் அடங்கிப் போகவில்லை, கனடா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். ‘சீனர்’ என்ற சொல்லை 1919இல் எடுத்தார்கள், ஆனாலும் அந்தச் சட்டம் வேறு உருவில் 1969 வரை ஏட்டில் இருந்தது.

உணவகம் நடத்தும் உறுப்பினர் ஒருவர் அன்று எங்களோடு வந்திருந்தார். இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “குடியுரிமை வாங்கியும் அப்படியா?” என்று மட்டும் கேட்டார். நாம் இன்று இந்தத் தெருவில் கடை போட்டு, யாரை வேண்டுமானாலும் வேலைக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம் என்றால், நமக்கு முன்னால் க்வாங் விங்கைப் போல ஒருவர் தோற்றாலும் பரவாயில்லை என்று வழக்குப் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா? பாட்டுக் குழுவை அடுத்த ஆண்டும் கூப்பிடலாம்.

மூன்றாவது நடை ஆகஸ்டில், ஊருக்குத் தெற்கே 13 கிலோமீட்டரில் உள்ள சுக்கானன் கப்பல் அருங்காட்சியகத்துக்கு. வாடகைக்கு வேன் எடுத்தது இதற்குத்தான். பதினான்கு இருக்கை. பெயர் கொடுத்தவர்கள் பதின்மூன்று பேர். காலையில் வந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மற்றவர்களில் இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், மீதிப் பேர் அதுவும் இல்லை. வாடகைப் பணத்தைப் பற்றிக் கேட்டவர்களிலும் சிலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை.

வராதவர்கள் எதை இழந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். டாம் சுக்கானன் பின்லாந்துக்காரர். முதலில் அமெரிக்காவில் மினசோட்டாவுக்குப் போனார், 1911இல் அங்கிருந்து நடந்தே சஸ்காட்சுவானுக்கு வந்து நிலம் எடுத்தார். பின்னாளில் மனைவி பிள்ளைகளைத் தேடித் திரும்பிப் போனபோது மனைவி உயிரோடு இல்லை. 1930களின் வறட்சியில், நாலாப் பக்கமும் மண் பறக்கிற காலத்தில், ஊருக்குத் திரும்ப ஒரு கப்பல் கட்டத் தொடங்கினார். கடலே இல்லாத இந்தச் சமவெளியில்! ஆற்று வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போய், அங்கிருந்து பின்லாந்து சேர்வது அவர் கணக்கு. தகடுகளைத் தன் கையாலேயே அடித்து வளைத்தார். ஆறு பல மைல் தள்ளி இருந்தது. கப்பல் தண்ணீரைத் தொடவே இல்லை. 1943இல் மருத்துவமனையில் இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்துக் கப்பலை இங்கே கொண்டுவந்து செப்பனிட்டு நிறுத்தினார்கள். அதன் பக்கத்திலேயே அவருக்கும் கல்லறை.

அன்று வந்தவர்களில் ஒருவர், மகளைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. கதையை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கப்பலின் அடிப்பக்கத்தில் கையை வைத்து, ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நடந்தார். கல்லறைக்கு வந்ததும், “இவருக்கு யாரு கொள்ளி வெச்சா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. புல்லில் மஞ்சளாக ஏதோ ஒரு பூ இருந்தது. குனிந்து அதைப் பறித்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு, “ஊருக்குப் போகணும்னு நெனச்ச மனுஷன்” என்றார். பத்து வயதுப் பேரனும் இன்னொரு பூவைத் தேடிக் கொண்டுவந்து வைத்தான். வேன் வாடகை வீண் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

நான்காவதாகத் திட்டமிட்டது விமானப் படைத் தளம் சார்ந்த நடை. ஸ்னோபேர்ட்ஸ் விமானச் சாகச அணியின் இருப்பிடம் நம் ஊர், அது எல்லோருக்கும் தெரியும். 1954 ஏப்ரல் 8 அன்று இந்த ஊரின் வானத்தில் பயணிகள் விமானமும் பயிற்சி விமானமும் மோதி 37 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் தரையில், வீட்டுக்குள் இருந்தவர். பக்கத்திலேயே பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடம். சென்ற ஏப்ரலோடு எழுபது ஆண்டு ஆயிற்று. அந்த நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் மூன்றே பேர், அதனால் நிறுத்திவிட்டேன். நடையை நிறுத்திய அதே மாதம் வெந்நீர்க் குளத்துக்குப் போகலாம் என்று குழுவில் யாரோ ஒரு வரி போட்டதும் முப்பது பேருக்கு மேல் கிளம்பினார்கள். பூமிக்கடியில் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து வரும் கனிமநீர், நல்ல விஷயம்தான். நானும் போனேன். ஆனால் மனசு கஷ்டப்பட்டது.

இந்த நடைகளுக்காக எழுதிய குறிப்புகளைச் சேர்த்து ஒரு கையேடு தயாராகியிருக்கிறது. ஏறக்குறைய நாற்பது பக்கம். கிரசென்ட் பூங்காவில் உள்ள நூலகத்தில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து எழுதியது. இந்த ஊரில் 128 ஆண்டுகள் வந்துகொண்டிருந்த நாளிதழ் 2017 டிசம்பரில் நின்றுபோனது. பீட்டர் க்ஸோவ்ஸ்கி போன்ற பெரிய ஒலிபரப்பாளர் இளம் வயதில் வேலை பார்த்த பத்திரிகை அது. அதுவே நின்றுவிட்ட ஊரில், நம் மொழியில் இந்த ஊரைப் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? கையேட்டை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. காரணம் அடுத்த பத்தியில் இருக்கிறது.

கணக்கு: விரிவான வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஆண்டுச் சந்தா குடும்பத்துக்கு 40 டாலர். மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு இந்த ஆண்டுச் சந்தா நிலுவை, சிலருக்கு இரண்டு ஆண்டு. பொருளாளர் அக்கா நான்கு தடவை நினைவூட்டினார். விழாச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களிடம் வாசலில் நிறுத்திப் பணம் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை, அப்படி ஒரு நிலை வரவும் வேண்டாம். நிலுவை வந்து சேர்ந்தால் கையேடு அச்சாகிவிடும்.

நன்றி: கூட்டங்களைப் பொறுமையாக நடத்திய தலைவர் அண்ணனுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், எல்லா விழாவிலும் சமைத்துப் பாத்திரமும் கழுவிய சகோதரிகளுக்கும், பழைய தாள்களைத் தேடித் தந்த நூலக ஆவணப் பிரிவினருக்கும் நன்றி. நடைக்கு வந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பைத் தொடர்வது பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று ஆண்டு ஆகிவிட்டது. வேலை நேரமும் இரவுக்கு மாறியிருக்கிறது. இளையவர் யாராவது முன்வந்தால் சந்தோஷமாகக் கோப்புகளைக் கொடுத்துவிடுவேன், கூட இருந்து உதவியும் செய்வேன். யாரும் வராவிட்டால் பார்க்கலாம். எதுவானாலும் மே மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேக்கின் காலடியில் நடை தொடங்கும். விமானத் தள நடையையும் இந்த முறை சேர்த்திருக்கிறேன். வேன் ஓட்ட ஓர் ஆள் வேண்டும், கையேட்டுக்குப் பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும். கைப்பிரதி என் வீட்டில்தான் இருக்கிறது. சந்தா கொடுக்க வரும்போது வாங்கிப் போய்ப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்