கண்ணு, அந்த எய்பார் கோச் பத்தி

கண்ணு,

போன்ல பேசுனா ரெண்டு நிமிசத்துல "சரிப்பா வெச்சர்றேன்"ங்கற, அதனால தான் எழுதறேன். உன்ற அக்கா இந்த போன்ல தமிழ்ல அடிக்கறதுக்கு சொல்லிக் குடுத்துட்டா, தப்பு இருந்தா நீயா சரி பண்ணி படிச்சுக்கோ. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு சுகர் கொறஞ்சிருக்குது. பட்டறையில பெரிய லேத்துக்கு பெல்ட் மாத்தியாச்சு. அப்பறம் நீ ராத்திரி சாப்புடாம மட்டும் படுக்காத.

வேற விசயம் ஒண்ணுமில்ல. எய்பார் கால்பந்து டீமுக்கு கோச்சா இருந்த நம்ம கரிதானோ பத்தி எழுதலாம்னு தோணுச்சு. ரெண்டு மூணு வாரமா அவரப் பத்தியே தான் தேடித் தேடிப் படிக்கறேன், ராத்திரி தூக்கம் வர்றதில்ல, கண்ணாடியப் போட்டுட்டு போனை வெச்சுட்டு உக்காந்துக்கறேன், அம்மா திட்டறா. நீ தான அவரை எனக்கு காமிச்சுக் குடுத்த. அது வரைக்கும் எனக்கு ஸ்பெயின்னா மாட்டுச் சண்டை மட்டும் தான் தெரியும்.

நீ எய்பாருக்குப் போன புதுசுல சொன்னது இன்னும் ஞாபகம் இருக்குது. அப்பா இது நம்ம கணபதி மாதிரி ஊருப்பா, மலைக்கு நடுவுல இடுக்குல இருக்குது, மொத்தமே இருபத்தேழாயிரம் பேரு தான், துப்பாக்கி செஞ்ச ஊரு, அப்பறம் சைக்கிள், தையல் மெசின், எங்க பாத்தாலும் லேத்து தான்னு சொன்ன. கிரவுண்டை ஒட்டி அடுக்குமாடி, ஜனங்க பால்கனியில நின்னே மேட்ச் பாக்கறாங்கன்னு போட்டோ அனுப்புன. அந்த இபுருவா கிரவுண்டு போட்டோவை இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன்.

கைஸ்கா கரிதானோ 1975-ல பில்பாவோவுல பொறந்தவரு. அந்த ஊரு அத்லெதிக் கிளப்புல தான் வளந்தாரு, ஆனா அங்க பெரிய டீம்ல நிக்க முடியல. அப்பறம் எய்பாருக்கு வந்து வருசக் கணக்கா ரெண்டாம் டிவிசன்ல மிட்ஃபீல்டு. அதே எய்பாருக்கு சாபி அலோன்சோ சின்னப் பையனா லோன்ல வந்தான், போயிட்டான். 2004-05-ல டேவிட் சில்வா லோன்ல வந்தான், அவனும் போயிட்டான். ரெண்டு பேரும் பின்னால உலகக் கோப்பைய தூக்கிட்டாங்க. இவரு அதே நடுவுல நின்னு பந்தை வாங்கிக் குடுத்துட்டு இருந்தாரு. நம்ம பட்டறையில வேலை கத்துக்கிட்டுப் போன பசங்க இன்னைக்கு ஜெர்மனியில இருக்கறாங்க, ஷாஃப்ட் கடையறவன் இங்கியே தான் இருக்கான், அந்த மாதிரின்னு வெச்சுக்கோயேன்.

முப்பது வயசுல தான் ரியால் சொசியெதாத் கூப்பிட்டாங்க. போன ரெண்டாவது வருசம், 2007-ல, அந்த கிளப்பு நாப்பது வருசத்துல முதல் தடவையா கீழ எறங்குச்சு. அங்கிருந்து அலவேஸ் போனா 2009-ல அதுவும் மூணாம் டிவிசனுக்கு எறங்குச்சு. அதோட பூட்ஸைக் கழட்டிட்டாரு. யோசிச்சுப் பாரு, கடைசியா ஆடுன ரெண்டு கிளப்பும் எறங்கிருக்குது. அப்படிப்பட்ட ஆளு வெளிய தலை காட்டுவானா? இவரு நேரா எய்பாருக்கே திரும்பி வந்து, கோச்சுக்கு உதவியா நின்னு, அப்பறம் B டீமைப் பாத்து, 2012-ல பெரிய டீமைக் கையில எடுத்தாரு. அப்போ எய்பாரே மூணாம் டிவிசன்ல தான் கெடந்துச்சு.

அப்பறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும், நீ தான் ராத்திரி ராத்திரி போன் பண்ணுவ. எடுத்த மொத வருசமே கோப்பைப் போட்டியில அத்லெதிக்கையே வெளிய அனுப்புனாங்க. 2013-ல ரெண்டாம் டிவிசனு, 2014-ல அதுலயும் முதல் இடம். ரெண்டே வருசத்துல மூணுல இருந்து ஒண்ணு. அதுக்கப்பறம் தான் அந்த அநியாயம், ஒரு பைசா கடன் இல்லாத கிளப்பைப் பாத்து உங்க பங்கு மூலதனம் பத்தாது, இன்னும் 17 லட்சத்து 24 ஆயிரம் யூரோ சேக்கலீன்னா ஜெயிச்சாலும் கீழ தள்ளிருவோம்னாங்க. கடன் வாங்குனவன் எல்லாம் மேல ஆடறான், கடன் வாங்காதவன் பணம் கட்டோணும். அதைப் படிக்கறப்ப இப்பவும் எனக்கு வயிறு எரியுது. பெரிய முதலாளி ஒருத்தன் மொத்தமா வாங்கிறக் கூடாதுன்னு வரம்பு வெச்சு, ஊர் ஜனமும் வெளிநாட்டு ஜனமுமா ஆயிரக் கணக்குல சின்னச் சின்னப் பங்கு வாங்கி சேத்துக் குடுத்தாங்க.

அதுல ஒண்ணு என்ற பேர்ல. அம்பது யூரோ. படிக்கப் போன பையன் நாலாயிரம் ரூவாயை பந்து கம்பெனிக்குக் குடுத்துட்டான்னு நான் கத்துனேன். சர்டிபிகேட்டை பீரோவுல துணிக்கு அடியில போட்டு வெச்சேன். இப்ப அது பட்டறையில சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்குது, நீ போன தடவை வந்தப்பவே பாத்திருப்ப, ஒண்ணும் சொல்லல. வர்றவங்க கிட்ட எல்லாம் என்ற பையன் வாங்கிக் குடுத்ததுன்னு காமிக்கறேன். அதுல என்ற பேரு நடுவுல ஒரு எழுத்து தப்பா இருக்குது, அந்தத் தப்போடவே நல்லா இருக்குது.

முதல் மேட்சு சொசியெதாத்தையே ஒண்ணுக்கு ஜீரோன்னு ஜெயிச்சாங்க. பாதி சீசன்ல 19 மேட்சுக்கு 27 பாயிண்ட். அடுத்த பாதியில மொத்தமே 8. எட்டு தான் கண்ணு. அதே ஆளுங்க, அதே கோச்சு, அதே கிரவுண்டு. ஏன்னு யாராலயும் ஒரு காரணம் சொல்ல முடியாது. சில வருசம் அப்படி ஆயிருது. நல்லா வேலை செய்யறவனுக்கும் அப்படி ஆயிருது. இதை நீ நல்லா மனசுல வெச்சுக்கோணும்.

கடைசி நாளு கோர்தொபாவை 3-0 ஜெயிச்சும் எறங்குனாங்க. அன்னைக்கு ராத்திரி நீ போன் பண்ணுன. அதுக்கு அப்பறம் வர்றேன்.

கரிதானோ எறங்குனதும் ராஜினாமா குடுத்துட்டாரு. அதுக்கு அப்பறம் பாத்தா, 13-ஆவது இடத்துல இருந்த எல்சேவை கடன் பாக்கிக்காக கீழ தள்ளி எய்பாரை மேலயே நிறுத்திட்டாங்க. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்னு தான் நான் அவரைப் பத்தி சொல்லுவேன், அவசரப்பட்டுட்டாரு. எழுதிக் குடுக்கறதுக்கு முன்னால யார் கிட்டயாச்சும் ஒரு வார்த்த பேசியிருக்கலாம். நீயும் எதுன்னாலும் யார் கிட்டயாச்சும் ஒரு வார்த்த பேசு. அக்கா கிட்டயாச்சும் பேசு. ராத்திரி சாப்புடு.

ஆனா ஒண்ணு, பெருமையும் சொல்லோணும். அதே 2015-ல அல்மேரியாவுல மேட்சு முடிஞ்சு பேட்டி. அவங்க ஊர் ரிப்போர்ட்டர் அவங்க சொந்த பாசை பாஸ்க்குல கேட்டதுக்கு பாஸ்க்குலயே பதில் சொன்னாரு. இங்க வந்து அந்த பாசையான்னு உள்ளூர்க்காரங்க சலசலன்னு பேசவும், எந்திரிச்சுப் போயிட்டாரு. என்ற வாழ்க்கையில நான் பாத்த வீடியோவுலயே அது தான் நெம்பப் புடிச்சது, எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. அதே அல்மேரியாவுக்கே 2023 அக்டோபர்ல கோச்சா போனாரு. ஒரு லீக் மேட்சு கூட ஜெயிக்கல, அடுத்த மார்ச்ல அனுப்பிட்டாங்க.

அதுக்கு முன்னால அத்லெதிக்குல நடந்தது இன்னும் கொடும. 2018 டிசம்பர்ல எறங்கற நிலமையில இருந்த டீமை எடுத்து அந்த வருசமே எட்டாவது இடத்துக்கு கொண்டு போனாரு. 2020-ல கோப்பை ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. கொரோனாவுனால ஃபைனல் ஒரு வருசம் தள்ளிப் போச்சு. 2021 ஜனவரியில எல்சேவை 1-0 ஜெயிச்ச கையோட வேலைய விட்டு எடுத்துட்டாங்க. ஜெயிச்ச மேட்சுக்கு அப்பறம் கண்ணு! ஃபைனல்ல பெஞ்ச்ல வேற ஒருத்தரு உக்காந்திருந்தாரு. மறுபடி எய்பாருக்கு வந்தாரு. 2022-ல கடைசி மேட்சு, ஏற்கனவே எறங்கிட்ட அல்கோர்கோனை ஜெயிச்சாப் போதும், முதல் டிவிசனுக்கு ஏறிறலாம், கடைசி நேரத்துல ஒரு கோலு வாங்கி தோத்துட்டாங்க.

2024 டிசம்பர்ல காதிஸ் கிளப்புல கூப்பிட்டாங்க, ரெண்டாம் டிவிசனு. போயிட்டாரு. அப்பவே அம்பது வயசு நெருங்கிருச்சு. அவரோட ஒவ்வொரு தோல்வியும் அந்த நாட்டு பேப்பர்ல நம்பரோட வந்திருக்குது, மறைக்க எடமே இல்ல. வேலை போனது அவங்க அம்மாவுக்கு ஊரே சொல்லியிருக்கும். அப்படியும் பையைத் தூக்கிட்டு அடுத்த ஊருக்குப் போறாரு.

சரி. இப்ப நான் சொல்ல வந்ததை சொல்லீர்றேன், இல்லீன்னா இந்த லெட்டரை இன்னும் பத்து நாளைக்கு எழுதிட்டே இருப்பேன்.

ஜூன் 24 செவ்வாக்கெழமை. பதினொன்னரைக்கு எப்பவும் போல "ஆபீஸ் கெளம்பிட்டேன்ப்பா"ன்னு மெசேஜ் போட்ட. அன்னைக்கு உங்க ஊர்ல சான் ஹுவான் நோம்பி. போன வருசம் நீயே நெருப்பு மூட்டுன போட்டோ அனுப்பி நாளைக்கு ஊரே லீவுப்பான்னு சொன்ன. அந்த தேதியை நான் மறக்கல. அன்னைக்கு இருந்து எனக்கு தூக்கம் இல்ல.

எனக்கு இதைக் கண்டுபுடிக்க ஜோசியம் வேண்டாம். நானும் செஞ்சவன். மில்லு மூடுனப்ப மூணு மாசம் தாத்தாவுக்குத் தெரியாம டப்பாவைத் தூக்கிட்டு எட்டு மணி சிப்டுக்கு கெளம்பிருவேன். சிங்காநல்லூர் குளத்துக் கரையில புளிய மரத்தடியில சைக்கிளை சாத்திட்டு உக்காந்திருப்பேன். பன்னெண்டு மணிக்கு டப்பாவைத் தொறப்பேன், தொண்டையில எறங்காது. பொழுதோட கைக்கு கொஞ்சம் கிரீசை தடவிட்டு வீட்டுக்கு வருவேன். உன்ற அம்மாவுக்கு முதல் வாரமே தெரிஞ்சிருக்குது, கிரீசு நகக்கண்ணுல ஏறலன்னு கண்டுபுடிச்சிருக்கா. ஒரு நாளும் கேக்கல. தெனமும் டப்பா கட்டுனா. ஊறுகா ஒரு துண்டு சேத்து வெச்சா.

அவ செஞ்சதை நான் உனக்கு செய்யல. அந்த 2015 ராத்திரி நீ போன்ல அழுத. "ஜெயிச்சும் எறங்கிட்டோம்ப்பா"ன்ன. பந்துக்கு அழுவறதுக்கா லோன் போட்டு அனுப்புனேன், இப்படித் தோத்துட்டு வந்து என்ற மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லி வெச்சுட்டேன். நீ அந்த வாரம் பரிச்சையில பெயில் ஆயிட்டேன்னு அக்கா ரெண்டு வருசம் கழிச்சு தான் சொன்னா. பந்துக்கு மட்டும் அழுவலன்னு அப்பறந்தான் புரிஞ்சுது. அதுக்கு அப்பறம் நீ எங்கிட்ட ஒரு கெட்ட சேதி கூட சொன்னதில்ல. பத்து வருசமா எல்லாம் நல்லா இருக்குதுப்பா தான். அந்த வார்த்தையை நான் தான் சொன்னேன் கண்ணு, தாத்தா எங்கிட்ட சொன்ன அதே வார்த்த, அப்படியே எடுத்து உங்கிட்ட சொல்லிட்டேன். அதை நான் திருப்பி எடுத்துக்கறேன். தோத்துட்டு வா. எப்ப வேணா வா. வராட்டியும் பரவால்ல, அங்கயே இருந்து பாக்கறதுன்னா பாரு.

லோனைப் பத்தி நெனைக்காத, அது போன ஆவணியிலயே முடிஞ்சுருச்சு, உங்கிட்ட சொல்லல. சித்தப்பா நோட்டுலயும் கோடு போட்டாச்சு. டிக்கெட்டுக்கோ வாடகைக்கோ வேணும்னா அக்கா கணக்குல போடச் சொல்றேன், நீ கேக்கக் கூட வேண்டாம். கல்யாணப் பேச்சை அம்மா எடுக்க மாட்டா, நான் சொல்லி வெச்சிருக்கேன்.

நாளைக்கு பதினொன்னரைக்கு "ஆபீஸ் கெளம்பிட்டேன்"னு போடாத. எந்திரிச்சுட்டேன்னு மட்டும் போடு, எனக்கு அது போதும். ராத்திரி சாப்புட்டுட்டு படு.

அப்பா