கியர்பொக்ஸை இறக்க முதல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள் என்ற செய்தியை மனுசியிடம் வாசித்துக் காட்டினேன். "அவர் தோளில தூக்கிக்கொண்டு திரிஞ்ச பிள்ளையா?" என்றவள், அலுமாரியில் பழைய படத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள். இங்கே படுவான்கரையில் சிறுபோகம் குடலையில் நிற்கிறது. நெல் விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும், விடுவோம்.

உன் காருக்கு வருகிறேன். என்னுடையதைப் போலவே கொரொல்லா 110, அதே 1997 வண்டி. காலையில் ரிவேர்ஸ் போட்டால் கறகறவென்று கத்துகிறது, முதல் கியர் சண்டை பிடித்துத்தான் விழுகிறது, கிளச் செட் முடிந்துவிட்டது, கியர்பொக்ஸ் இறக்க வேண்டும் என்று கராஜில் சொன்னார்கள் என்கிறாய். மூன்று வருசத்துக்கு முன் இதே கதையை நானும் கேட்டுத் தலையாட்டினேன். செட்டை மாற்றினார்கள், கூலியையும் வாங்கினார்கள். அடுத்த நாள் காலை ரிவேர்ஸ் போட்டேன். அதே கறகற! மறுகா வேறொரு பாஸிடம் கொண்டுபோனேன். மனுசன் ஜக்கைத் தொடக்கூட இல்லை. பொனற்றைத் திறந்து, பெடலை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தில் கிளச்சை விடுவிக்கிற, கியர்பொக்ஸோடு பொருத்தியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் ஒதுக்கினார். உள்ளே கிளச் ஒயில் கசிந்து ஊறிப்போய் இருந்தது. முதல் கராஜில் கழற்றிய பழைய கிளச் பிளேட் இன்னும் என் கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்தால்தான் அது கழிவு. என்னுடையதில் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டக் கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் வயிறு எரியும்.

கிளச் பிடிக்கவில்லையா, விடவில்லையா என்று முதலில் பிரித்துப் பார் மச்சான். இரண்டும் வெவ்வேறு வருத்தம்.

நீ எழுதியதைப் பார்த்தால் உன்னுடையது விடாத வருத்தம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார். நின்ற எஞ்சினில் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால், பெடலை மிதித்தும் கிளச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பிறகு ஸ்டார்ட் பண்ணி, பெடலை நாலைந்து தரம் அடித்து மிதித்துவிட்டு ரிவேர்ஸ் போடு. இப்போது சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் ஒயில் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. கிளச் ஒயில் மட்டத்தையும் பார். ஒயில் கறுத்துப்போயிருந்தால் உள்ளே ரப்பர் கரைகிறது. காருக்குள் குனிந்து, பெடலில் இருந்து, ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தண்டு போகிற இடத்தைத் தடவிப் பார். அங்கே ஈரமென்றால் மாஸ்டர், கீழே தொப்பிக்குள் ஈரமென்றால் ஸ்லேவ். இரண்டுக்குமே கியர்பொக்ஸ் இறக்கத் தேவையில்லை. ரப்பர் கிட் போட்டுக் காற்றெடுத்தால் சரி. சிலிண்டரின் உட்சுவர் துருவில் குழி விழுந்திருந்தால் மட்டும் முழுச் சிலிண்டரையும் மாற்றவேண்டி வரும். எப்போதாவது பிளேட் வளைந்தாலும் இதே குணம் காட்டும்தான். அதை ஒயில் பக்கம் சுத்தம் என்று கண்ட பிறகு பேசலாம்.

பிடிக்காத வருத்தம், அதுதான் வழுக்குவது, நம் ஊரில் லேசில் தெரியாது. கல்லடிப் பாலத்தை விட்டால் எங்களுக்கு ஏது ஏற்றம்? கல்முனை வீதியில் வருசக்கணக்காக ஒளிந்திருக்கும் குற்றம், செங்கலடியால் பதுளைக்குப் போகும்போது பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில்தான் எரிந்த மணத்தோடு வெளியே வரும். அங்கே போய் அறியாமல் இங்கேயே பார்த்துக்கொள். வெறும் வீதியில் நாலாம் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய் எக்ஸிலேற்றரை ஒரேயடியாக அமத்து. எஞ்சின் மட்டும் இரைந்து, வேகம் ஏறாவிட்டால் அது வழுக்குகிறது. ஒரு தரம் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டையும் சுட்டுவிடுவாய். பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம்கூடச் சும்மா ஆட்டம் இல்லாவிட்டாலும் வழுக்கும், அதைச் சரிசெய்யச் செலவே இல்லை.

சத்தத்திலும் ஏமாறாதே. பெடலை மிதிக்கும்போது இரைந்து, விட்டதும் அடங்கினால் குற்றம் ரிலீஸ் பெயரிங்கில், மிதிக்கும்போது கிளச்சை அமத்துகிற பெயரிங் அது. நியூட்ரலில் பெடலை விட்டபடி இரைந்து, மிதித்ததும் அடங்கினால் அது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பெயரிங். அதற்குக் கிளச் செட் மாற்றிப் பயனில்லை. புறப்படும்போது கார் உதறினால் எஞ்சின் மவுண்டையும் பார்க்கச் சொல்லு.

இவ்வளவும் பார்த்து, இறக்கத்தான் வேண்டும் என்று வந்தால் இறக்கு. அப்போது ரிலீஸ் பெயரிங்கையும் எஞ்சின் பின்பக்க ஒயில் சீலையும் விட்டுவிடாதே, திரும்பவும் அதே கூலி கொடுக்க வேண்டி வரும். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிக்கொள்.

வேறு கார் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025இல் திறந்தார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. நம் கிழட்டு வண்டிகளே போதும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நாங்கள் திருக்கோவில் வருகிறோம். அதுவரைக்கும் பொறுக்கலாம் என்றால் கராஜுக்கு விடாதே. சாவிகளும் கிளச்சுக்கு விடுகிற டொட் 3 ஒயில் ஒரு போத்தலும் கொண்டுவருகிறேன். நீ பெடலை மிதி, நான் கீழே படுத்துக் காற்றெடுக்கிறேன். மனுசி அந்தப் பழைய படத்தையும் கொண்டுவருவாள், கண்டுபிடித்துவிட்டாள்.

அன்புடன்,
உன் மச்சான்