பீரோவும் சேஸிஸும்

யாழினி கண்ணு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ பேச்சை முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ வாங்கப் பார்க்கிற டொயோட்டா டகோமா பிக்கப்பின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "கலர் நல்லாயிருக்கு, ஏறுறதுக்கு ஏணியும் சேர்த்துத் தருவாங்களா?" என்று கேட்டாள். முட்டிவலிக்காரி, எந்த வண்டியைக் காட்டினாலும் படி எவ்வளவு உயரம் என்றுதான் முதலில் பார்ப்பாள். மாப்பிள்ளை என் ஹோண்டா ரிட்ஜ்லைனைப் "பிக்கப் வேஷம் போட்ட கார்" என்றாராமே, அதுவும் காதுக்கு வந்தது. கோபமெல்லாம் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உன் தாத்தா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். அங்கே சேஸிஸ் வந்து இறங்குவதை நீ பார்த்ததில்லை. கேபின் கிடையாது, கதவு கிடையாது, தலைக்கு மேல் ஒன்றுமே கிடையாது. இரண்டு நீள இரும்பு, இன்ஜின், ஸ்டியரிங், சக்கரங்கள், அவ்வளவுதான். அதை ஓசூரிலிருந்து ஒரு ஆள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு பலகைமேல் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே வருவார். பட்டறை வாசலில் இறங்கும்போது கண்ணாடி இருந்த இடம் தவிர மற்றதெல்லாம் செம்மண். அதன்மேல்தான் தாத்தாவும் ஆட்களும் மரத்தையும் தகட்டையும் ஏற்றி லாரியாக்குவார்கள். டகோமாவும் அந்த ரகம்தான். கீழே ஏணி மாதிரி சேஸிஸ், மேலே கேபின் தனி, சுமை ஏற்றும் பெட் தனி.

ரிட்ஜ்லைனுக்குள் அப்படித் தனி எலும்பு கிடையாது. நம் வீட்டு இரும்புப் பீரோவை நினைத்துக்கொள், உள்ளே சட்டம் என்று ஒன்றும் இல்லை, தகடே மடிந்து மடிந்து தன்னையும் தாங்கிக்கொள்கிறது, உள்ளே அடுக்கிய பட்டுப்புடவை பாரத்தையும் தாங்குகிறது. இந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். 2005இல் ஹோண்டா அதே கார் முறையில் ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்தபோது, இதெல்லாம் டிரக்கா என்று சிரித்தவர்கள் நிறைய. மாப்பிள்ளை அந்த வரிசையில் கொஞ்சம் தாமதமாக வந்து நிற்கிறார்.

இந்த வித்தியாசம் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். என் நண்பர் ஒருவரிடம் 2019 டகோமா இருக்கிறது. அவர் ஊருக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு வாரம் ஓட்டினேன். பின்னால் லாரி மாதிரியே பட்டை ஸ்பிரிங், பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். காலி பெட்டோடு ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு சரளை ரோட்டில் போனேன், பின்பக்கம் கோழி மாதிரி தத்தித் தத்தி வந்தது. "காலி வண்டிதான் குதிக்கும்" என்று தாத்தா சொல்வார். பட்டையைச் சுமைக்குக் கணக்குப் பண்ணித்தான் அடுக்கியிருப்பார்கள், சுமை இல்லாவிட்டால் அது வளைந்துகொடுக்காது. நாலு மூட்டை சிமென்டை ஏற்றிக்கொண்டு திரும்பினேன், அதே ரோட்டில் சமர்த்தாக வந்தது. இன்னொன்று, அதில் சீட்டு தரையோடு ஒட்டி இருக்கும், காலை முன்னால் நீட்டித்தான் உட்கார வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. நண்பருக்கோ அது உயிர். அதே வண்டியில் இரண்டு லட்சம் மைல் தாண்டிவிட்டார், எண்ணெய் மாற்றியதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், நீ பார்க்கிற வண்டி அது இல்லை. 2024 மாடலிலிருந்து டகோமா மொத்தமாக மாறிவிட்டது. நீ பார்க்கிற நாலு கதவு வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் சுருள் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், 2.4 லிட்டர் டர்போ இன்ஜின். குதிப்பு நிறையக் குறைந்திருக்கும். ஆனாலும் பின்னால் இரண்டு சக்கரத்தையும் கோத்து ஒரே அச்சுதான், ஒரு பக்கம் குழியில் இறங்கினால் மறுபக்கத்துக்கும் தெரியும். ரிட்ஜ்லைனில் நாலு சக்கரமும் தனித்தனி. போன தீபாவளிக்கு ஹூஸ்டனிலிருந்து கொலராடோவில் உங்கள் வீட்டுக்கு ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டி வந்தோமே, லபக்கில் ஒரு ராத்திரி தங்கி. ட்யூரங்கோவில் இறங்கியதும் உன் அம்மா நேராக அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தாள். அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

இனி டகோமாவுக்காகப் பேசுகிறேன், இதையும் கேள். நீ இருப்பது 6,500 அடியில். அங்கிருந்து சில்வர்ட்டன் தாண்டி, ஊரே என்ற ஊருக்குப் போகிற வழியில் ரெட் மவுண்டன் பாஸ் என்ற கணவாய் 11,018 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் மூச்சை இழக்கும். என் வண்டி ஹூஸ்டனில் 280 குதிரைசக்தி, அந்த உச்சியில் 200க்கும் கீழே. மிதிக்க மிதிக்கச் சத்தம் வந்ததே தவிர வேகம் வரவில்லை, நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் டகோமாவுக்கு இந்தக் கஷ்டம் ரொம்பக் குறைவு. இழுவையும் அதற்குத்தான் அதிகம், ரிட்ஜ்லைன் 5,000 பவுண்டு, டகோமா 6,500 வரை. மாப்பிள்ளை, பின்னால் கட்டி இழுத்துப்போகும் கேம்பர் வீடு வாங்கியே தீருவேன் என்று நின்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லோ ரேஞ்ச். ஆல்பைன் லூப், இன்ஜினியர் பாஸ் என்று 12,000 அடிக்கு மேலே போகும் பாதைகளில் கல் படிக்கட்டு மாதிரி நிற்கும். அங்கே வேகம் வேலைக்கு ஆகாது, நடந்து போகிறவனைவிட மெதுவாக, ஆனால் முழு பலத்தோடு சக்கரம் சுற்ற வேண்டும். அதற்கு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு கியர் வேண்டும், அதுதான் லோ ரேஞ்ச். இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பின் அச்சுக்குப் பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. டகோமாவின் ஆஃப்-ரோடு ரகத்தில் இரண்டும் உண்டு, தரையிலிருந்து உயரமும் 9 அங்குலத்துக்கு மேல். ரிட்ஜ்லைனுக்கு 7.6தான், லோ ரேஞ்ச் அறவே கிடையாது. அதன் ஆல் வீல் டிரைவ் மழையிலும் பனியிலும் மணலிலும் பிரமாதம், வளைவில் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் பலம் கொடுத்து வண்டியையே திருப்பிவிடும். ஆனால் பாறையில் ஏறு என்றால் அது பாவம். இதில் நான் மழுப்பமாட்டேன்.

சரி, அப்படியானால் டகோமாதானே என்பாய். இரு.

போன வருடம் அந்தப் பாதைகளுக்கு நீ எத்தனை தடவை போனாய்? போட்டோ அனுப்பியதை வைத்து எண்ணினேன், நாலு. அதிலும் ஒரு தடவை வேறு யாருடைய ஜீப்பிலோ. மற்ற நாட்களில் எங்கே போகிறாய்? பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. மாதத்துக்கு இரண்டு தடவை ஆல்பகர்க்கி, போக 200 மைலுக்கு மேல், வர 200 மைலுக்கு மேல். மளிகை. டேகேர். இந்த ஓட்டத்துக்குத்தான் வண்டி வாங்குகிறாய், படத்தில் வருகிற மலைக்கு இல்லை. நாலு நாளைக்கு ஊரேயிலோ சில்வர்ட்டனிலோ வாடகை ஜீப் கிடைக்கிறது. அதில் பாறையை உரசினாலும் உன் வண்டிக்குக் கீறல் இல்லை.

குட்டிப் பையனை மறந்துவிட்டாய் பார். அவன் இன்னும் பின்னோக்கி உட்காரும் சீட்டில் இருக்கிறான். ரிட்ஜ்லைனின் பின் சீட்டில் காலுக்கு 36.7 அங்குலம், டகோமாவில் 33.7. மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். தீபாவளிக்கு வந்தபோது என் வண்டியில் அவன் சீட்டை மாட்டினோம், முன்னால் மாப்பிள்ளை சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆறடி மனுஷனுக்குப் பின்னால் அந்த மூன்று அங்குலத்தைக் குறைத்துப் பார், அவர் முட்டி டாஷ்போர்டில் போய் இடிக்கும். பிக்கப் வேஷம் என்று சொன்னவர் அப்போது என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது.

பெட்டைப் பற்றியும் ஒன்று. ரிட்ஜ்லைனில் சக்கர மேடுகளுக்கு நடுவே 50 அங்குலம், நாலடிக்கு எட்டடி பிளைவுட் படுத்தபடியே போகும், டகோமாவில் மேட்டின்மேல் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். பின்கதவு கீழேயும் இறங்கும், வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டிலும் திறக்கும். பெட்டின் தரைக்கு அடியில் பூட்டு போட்ட ஒரு பெட்டி, அடியில் தண்ணீர் போக அடைப்பான். பியர்லேண்ட் மீனாட்சி கோயில் விசேஷத்துக்கு வாழைமரம் நாலு கட்டிக்கொண்டு போனபோது, மரம் மேலே, பூ கீழே ஐஸோடு அந்தப் பெட்டிக்குள். ஒரு இதழ் வாடவில்லை. இது பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெருமை அடித்த கையோடு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்னியும் அதே அடிப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது தெரிந்தே போன மார்ச்சில் தோட்டத்துக்கு ஒரு பெட் நிறைய உரமண் அள்ளிக்கொண்டு வந்தேன், மூட்டையாக இல்லை, கொட்டி. நெடுஞ்சாலையில் பின்டயர் போயிற்று. மாற்றுச் சக்கரம் முக்கால் டன் மண்ணுக்கு அடியில். சாலையோரம் நின்று ஒரு பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி அள்ளிக் கொட்டினேன், உன் அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தடுப்புக்கு அந்தப்புறம் நின்று எனக்கு அர்ச்சனை பண்ணினாள். தப்பு என்னுடையது. டகோமாவில் சக்கரம் வண்டிக்கு அடியில் தொங்கும், கம்பியைச் சுற்றி இறக்கினால் போதும். வாரத்துக்கு மூன்று நாள் மண்ணும் கல்லும் ஏற்றுகிறவனாக நான் இருந்தால் இதற்காகவே டகோமா வாங்குவேன்.

பணம். டகோமா 32,000 டாலர் வாக்கில் ஆரம்பம், ரிட்ஜ்லைன் 40,000 வாக்கில். ஆனால் நீ படம் அனுப்பிய ரகம் 32,000க்கு வராது, நாலு கதவு, ஃபோர் வீல், பின்பூட்டு என்று சேர்த்தால் அதுவும் 40,000ஐத் தாண்டும். பெட்ரோல் இரண்டுக்கும் காலனுக்கு 21 மைல் சுற்றுவட்டம்தான், அதில் சண்டை இல்லை. ரிட்ஜ்லைனுக்கு ஒரு லட்சம் மைல் வாக்கில் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு ஒன்று உண்டு, டகோமாவில் செயின், அந்தச் செலவு கிடையாது. விற்கும்போது டகோமாவுக்குத்தான் மவுசு, பழைய டகோமா விலையைப் பார்த்தால் புதுசே வாங்கிவிடலாம் போலிருக்கும். இது டகோமா பக்கம் கனமான வாதம், மறைக்கவில்லை.

மாப்பிள்ளை "டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் இப்போது ஏன் இங்கே வருவதில்லை" என்று அன்றைக்குக் கேட்டார், சொல்ல மறந்துவிட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாக்காரர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றினார்கள், பதிலுக்கு ஜான்சன் ஆட்சியில் 1964 முதல் வெளிநாட்டுப் பிக்கப்புக்கு 25 சதவீத வரி. கோழிச் சண்டை எப்போதோ முடிந்தது, டிரக் வரி போகவே இல்லை. முன்பு ஹைலக்ஸை இங்கே விற்றுக்கொண்டிருந்த டொயோட்டா, 1995இல் அதற்குப் பதில் இந்த ஊருக்கென்றே தனியாக ஒன்றைச் செய்து டகோமா என்று பெயர் வைத்தது. கோழிக்குப் போட்ட அந்தச் சண்டை இன்னும் ஹைலக்ஸின் வழியை மறித்து நிற்கிறது.

எதை வாங்கினாலும் இரண்டு வேலை செய். ஒன்று, ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி, ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அந்த ஒரு வண்டிக்கே எழுதியிருக்கும். விலை ஏற ஏற, இரும்புத் தடுப்பு, பெரிய டயர் என்று சேரச் சேர, அந்த எண் குறைந்துகொண்டே வரும். விளம்பரத்தில் இருப்பது வேறு. இரண்டு, பனிக்கென்று நாலு டயர் தனியாக வாங்கு. லோ ரேஞ்ச் வண்டியை ஓட்டலாம், ஆனால் ஐஸில் நிறுத்துவது டயர்தான்.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். தாங்க்ஸ்கிவிங்குக்கு வரும்போது ரிட்ஜ்லைனில் வருகிறோம். திரும்பும்போது நானும் அம்மாவும் விமானத்தில் போய்விடுகிறோம், வண்டி பொங்கல் வரை உன்னிடமே இருக்கட்டும். டியூட்டி முடிந்து விடியற்காலையில் ஓட்டு, ஆல்பகர்க்கி போ, குட்டியின் சீட்டை மாட்டிப் பார், மாப்பிள்ளையைக் குளிரில் ஒரு தடவை பிளைவுட் ஏற்றச் சொல். அதற்கப்புறமும் டகோமாதான் என்றால் முன்பணத்தில் ஒரு பங்கு என்னுடையது, ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அடிப்பெட்டிக்குள் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கும், எடுத்து கராஜில் வைத்துவிடாதே. அது கோயிலுடையது, வண்டி திரும்பி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா