கார்த்திகையும் நீலப் புகையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் படத்தை என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டாள். படம் அருமை. ஆனால் அதன் கீழே, 'இந்த நீலப் புகை, நட்சத்திரங்களைப் பெற்ற முகிலின் மிச்சம்' என்று போட்டிருக்கிறீர்கள். அதுதான் பிசகு.

விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கார்த்திகைக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு. பெற்ற முகிலைப் பெரிய நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிரும், அவற்றிலிருந்து வீசும் துகள் காற்றும் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே கலைத்துவிடும். மிச்சம் ஏது? படத்தில் இருப்பது வழியில் எதிர்ப்பட்ட வேறொரு தூசு முகில். கூட்டத்தோடு ஒப்பிட்டால் நொடிக்கு 10 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடந்து போகிறது.

சின்ன வயதில் விடிகாலையில் அப்பாவோடு பால் வெட்டும் நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போவேன். கித்தா (ரப்பர்) மரங்களுக்கு நடுவே பனிமூட்டம். அப்பாவின் நெற்றி விளக்கு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகப் பொங்கும். அவர் அடுத்த மரத்துக்குப் போனதும் அங்கே பொங்கும். பனி எப்போதும் இருந்ததுதான், விளக்கு வந்துபோனது. கார்த்திகையிலும் அதே கதை: முகில்தான் பனி, நட்சத்திரங்கள்தான் விளக்கு. தூசு நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் நீலம்.

பெற்ற முகிலைக் காட்ட வேண்டுமானால் ஓரியன் நட்சத்திர மண்டலத்தில் உள்ள ஒளிரும் முகிலைப் போட்டிருக்கலாம். சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். அங்குள்ள டிரபீசியம் என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு வயது 10 லட்சம் ஆண்டு அளவுதான். அந்தக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் தாய் முகில் இன்னும் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்த பக்கம் சுட்டு அரித்த குழி, வாயுவின் சூடு 10,000 டிகிரி அளவு. உள்ளே போனால் குளிர். இத்தகைய முகில்களின் ஆழத்தில் மைனஸ் 260 டிகிரி வரை இறங்கும். ஒரு கன சென்டிமீட்டரில் சில நூறு மூலக்கூறுகள், அடர்ந்த முடிச்சுகளில் லட்சக்கணக்கில். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி! ஹைட்ரஜன் மூலக்கூறு அந்தக் குளிரில் ஒளி விடாது. அதனால் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலையை வைத்துத்தான் முகிலை அளக்கிறார்கள். அந்த அலை முதலில் சிக்கியதும் 1970இல் ஓரியன் பக்கம்தான்.

புரட்டாசி, ஐப்பசி விடிகாலையில், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) கிளம்பும் நேரத்தில், ஓரியன் நம் ஊரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். எண்ணெய் ஆலையின் விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் செம்பனைக் காட்டோரம் நின்றால் ஓரியன் என்ற வேடனின் வாளாகத் தெரியும் நட்சத்திர வரிசையின் நடுவே அந்த முகில் மங்கல் திட்டாகத் தெரியும். பேத்திக்குக் காட்டப் போகிறேன்.

கார்த்திகைப் படத்தையே மறுபடியும் போடுங்கள், கீழே உள்ள வரியை மட்டும் மாற்றி. அவள் அதன் மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.