காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டித் தமிழகத்தில் பொதுமக்களே நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்பில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் இன்னும் பெருமளவில் சேர வேண்டும் என்ற விருப்பத்தோடு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பாலக்கோடு வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இளமையில் பார்த்த பறவைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். அண்மையில் அதை எடுத்துப் புரட்டியபோது பல பக்கங்களில் ‘பனங்காடை பார்த்தேன்’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அன்று கண்டது ஒன்றா பத்தா, எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன், கூட வேறு என்னென்ன இருந்தன என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. தக்காளித் தோட்டங்களின் ஓரத்தில் மின்கம்பிதோறும் அமர்ந்திருந்த அந்தப் பறவை இப்போது குறைந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது என் நினைவு சொல்வதே தவிர, யாரிடமும் எடுத்துக் காட்டக்கூடிய சான்று அன்று.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய, பொங்கல் கணக்கெடுப்புக்கும் பயன்படும் ‘இ-பேர்ட்’ இணையதளத்தில், பார்த்த இடம், தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள், நடந்த தூரம், ஒவ்வொரு பறவையின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதியலாம். இவற்றைவிட முக்கியமானது, கடைசியில் அது கேட்கும் ஒரு கேள்வி: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று சொல்லும்படி எழுதிய முழுப்பட்டியலில், எழுதப்படாத பறவையும் ஒரு செய்தியாகிறது. ஒரு பகுதியில் 100 முழுப்பட்டியல்களில் 40-இல் இருந்த பனங்காடை, பத்தாண்டு கழித்து அதே அளவு முயற்சியில் 15-இல் மட்டும் இருக்குமானால் அது குறைந்துவருகிறது என்று கருத இடமுண்டு. அரிய பறவை வந்த நாளில் மட்டும் பதிந்து, காகத்தையும் மைனாவையும் ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று விட்டுவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையைப் பார்க்க வேண்டுகிறேன். ஏறத்தாழ 30,000 பேர் அளித்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை ஆராய்ந்த அந்த அறிக்கை, 178 வகைகளுக்கு உடனடி அக்கறை தேவை என்றது. உலக அளவில் நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்த 14 வகைகளில் பனங்காடையும் ஒன்று. என் நோட்டுப் புத்தகத்தால் சொல்ல முடியாததை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் பட்டியல்கள் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

ஆனால் நான் பார்த்த வரையில், நம் பகுதிப் பட்டியல்கள் கே.ஆர்.பி. அணை, ஓசூர் ஏரிகள், ஒகேனக்கல் என்று தெரிந்த இடங்களையும் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளையுமே சுற்றி வருகின்றன. பென்னாகரத்து மேட்டுக்காடு, அரூர்ப் பக்கத்துக் கரடுகள், ஊத்தங்கரை மாந்தோப்புகள், அஞ்செட்டி மலைக் கிராமங்கள் ஆகியவற்றில் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் என்ன பறவைகள் இருக்கின்றன என்பதை அங்கே வாழ்பவர்கள்தாம் எழுத முடியும். நாளை ஓர் ஏரி தூர்ந்தாலோ, மேய்ச்சல் நிலம் மனைகளானாலோ, அங்கே முன்பு என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதிலாக வைக்க நம்மிடம் ஏதேனும் வேண்டாமா? கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, வறண்ட காலத்திலும் மழைக்காலத்திலுமாகப் பறவை வரைபடம் உருவாக்கினார்கள். பெயர்பெற்ற இடங்களை மட்டும் நாடாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டங்களில் இருந்த சாதாரண வயலுக்கும் தோப்புக்கும் அவர்கள் சென்றதுதான் அதன் சிறப்பு என்பது என் கருத்து.

பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. ‘வாத்து வகை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளவும் அத்தளத்தில் இடமுண்டு. வழக்கத்துக்கு மாறான பதிவைப் பற்றி அதைச் சரிபார்க்கும் தன்னார்வலர் விளக்கம் கேட்டால் வருந்த வேண்டியதில்லை. கூட்டின் அருகே சென்று படம் எடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம்.

ஆடு மேய்ப்பவர்களும் கிணற்றடியில் விடியற்காலை நிற்கும் விவசாயிகளும் கௌதாரியையும் காடையையும் குரலைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். அவர்கள் அருகில் ஒரு பள்ளி மாணவர் 15 நிமிடம் அமர்ந்து, இருவரும் கண்டதையும் கேட்டதையும் பதிந்தாலே நல்லதொரு பட்டியல் கிடைத்துவிடும். பழைய குறிப்பேடுகள் வைத்திருப்போர், தேதியும் இடமும் தெளிவாக உள்ளவற்றை வரலாற்றுப் பதிவுகளாக ஏற்றலாம். என்னுடையதில் தேறிய பக்கங்களை நானும் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பொங்கல் கணக்கெடுப்பு நாள்களையும், அதன் பிறகு பிப்ரவரியில் நான்கு நாள் நடைபெறும் உலகளாவிய கணக்கெடுப்பையும் முன்கூட்டியே அறிவித்து, எந்தெந்த வட்டத்திலிருந்து எத்தனை பட்டியல்கள் வந்தன என்பதைப் பின்னர் வெளியிட்டால், பட்டியலே வராத ஊர்க்காரர்கள் அடுத்த ஆண்டு தாமாகவே முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.